உபரிப் பேச்சு

என் கணவரிடம் உபரிப் பேச்சு இருப்பதாக அரசாங்கம் கண்டுபிடித்தது. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், மாலை நாலு மணியிலிருந்து நாலே முக்கால் வரை அந்தப் பேச்சு மூன்றாவது வீதி மனோரஞ்சிதம் டீச்சருக்கு ஒதுக்கப்பட்டது. உத்தரவு தபாலில் வந்தது. பச்சை மையில் கையெழுத்து இருந்தது.

அதற்கு ஒரு மாதம் முன்னால் மனிதத் தேவைகள் துறையிலிருந்து ஒரு பெண் கணக்கெடுக்க வந்திருந்தாள். வீட்டில் எத்தனை பேர், எத்தனை ஜன்னல், யாரிடமாவது அழுகை மிச்சம் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டாள். பிறகு என் கணவரைத் திரும்பி நிற்கச் சொன்னாள். தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்ப்பதுபோல அவர் முதுகில் மூன்று இடத்தில் தட்டினாள்.

“நெறைய இருக்குதுங்க,” என்றாள்.

“என்னது?”

“பேச்சு. கழுத்து வரைக்கும் நிக்குது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. என் கணவர் சென்னியப்பன் பதினொரு வருஷமாக என்னோடு பேசுவதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. காலையில் எழுந்து குளிப்பார். வைத்ததைச் சாப்பிடுவார். எடைமேடைக்குப் போவார். அங்கே லாரி வந்து நிற்கும், எடையைப் பார்த்துச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். அந்த வேலைக்கும் பேச்சு தேவையில்லை. சாயங்காலம் வந்து, காபி வேண்டுமென்றால் கவிழ்த்திருக்கும் டம்ளரை நிமிர்த்தி வைப்பார். வேண்டாமென்றால் அது கவிழ்ந்தபடியே இருக்கும். ரேஷன் கார்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு டம்ளரை வைத்தே சமாளித்துவிட்டோம்.

“தப்பாப் பாக்கறீங்க. அவருகிட்டப் பேச்சே கெடையாது,” என்றேன்.

“கெடையாதுன்னு நீங்க நெனைக்கறீங்க,” என்று சொல்லிவிட்டு அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

முதல் செவ்வாய்க்கிழமை அவர் மூன்றரை மணிக்கே எடைமேடையிலிருந்து வந்தார். சட்டை மாற்றினார். தலை சீவினார். கண்ணாடியைப் பார்த்து வாயைத் திறந்து மூடினார், பூட்டிக் கிடந்த கதவுக்கு எண்ணெய் விட்டுப் பார்ப்பதுபோல. பிறகு கிளம்பிப் போனார்.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அன்று கடையைப் பாதி ஷட்டரில் விட்டுவிட்டு மூன்றாவது வீதிக்குப் போனேன். டீச்சர் வீட்டுப் பக்கத்துச் சந்தில், சுவரோடு ஒட்டி நின்றேன்.

உள்ளே என் கணவர் பேசிக்கொண்டிருந்தார்.

வார்த்தை எதுவும் புரியவில்லை. குரல் மட்டும் வந்தது. அந்தக் குரலை நான் மறந்தே போயிருந்தேன். கொஞ்சம் கரகரப்பு. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ஒரு சின்ன இழுப்பு. நிறுத்தாமல் வந்துகொண்டே இருந்தது. நடுநடுவே மனோரஞ்சிதம் டீச்சர் “அய்யோ” என்றார். “அப்புறம்?” என்றார். ஒருமுறை சிரித்தார். எனக்குக் காதுமடல் சுட்டது.

நாலே முக்காலுக்கு அவர் வெளியே வந்தார். வீட்டுக்கு வந்து டம்ளரை நிமிர்த்தி வைத்தார். நான் காபியில் சர்க்கரை போடவில்லை. அவர் அதை முழுசாகக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தார்.

வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தபோது டீச்சர் வீட்டில் ஒரு ஜன்னல் கூடியிருந்தது. அடுத்த செவ்வாய்க்கு இன்னொன்று. பேச்சு நடக்கிற வீடு வளரும், எல்லாருக்கும் தெரிந்ததுதான். எங்கள் வீட்டில் போன வருஷம் ஓர் அறை குறைந்தது. நாங்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பீரோவை மட்டும் ஒரு வாரம் முன்னாலேயே கூடத்துக்கு நகர்த்தி வைத்திருந்தோம். மூன்றாவது வாரம் டீச்சர் வீட்டுக்குப் பால்கனி வந்தது. அதில் நின்று அவர் தலை காய வைத்துக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது. நல்ல அடர்த்தியான தலைமுடி. அதையும் நான் கவனித்துக்கொண்டேன்.

டீச்சரே ஒருநாள் கடைக்கு வந்தார். கையில் அந்தப் பச்சை மை உத்தரவு.

“நவமணி, இதுல ரெண்டு காப்பி போடு.” முகமெல்லாம் பூரிப்பு. “உங்க வீட்டுக்காரர் என்னமாப் பேசறாரு!”

“என்ன பேசறாரு?”

“அது சொல்லக் கூடாதாம். பின்பக்கம் போட்டிருக்குது பாரு.”

திருப்பிப் பார்த்தேன். பயனாளி தான் பெற்ற சேவையைப் பிறருக்கு மறுவிநியோகம் செய்யக் கூடாது என்று இருந்தது. நான் இரண்டு காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் போன பிறகு எனக்கென்று எடுத்து வைத்திருந்த மூன்றாவது காப்பியைக் கசக்கிப் போட்டேன். மறுபடி எடுத்து நீவினேன். மறுநாள் கடையைத் திறக்காமல் துறை அலுவலகத்துக்குப் போனேன்.

முன்பெல்லாம் பசிக்கு ஓர் அலுவலகம், முதுமைக்கு ஓர் அலுவலகம். தனிமை, தாலுகா ஆபீஸின் பின்கட்டில் இருந்தது. ஜனங்கள் எதற்கு எங்கே போவதென்று தெரியாமல் அலைந்தார்கள். அரசாங்கம் எல்லாவற்றையும் ஒரே கட்டடத்துக்குக் கொண்டுவந்து ஒரே கதவு வைத்தது. உள்ளே வயது வாரியாக மாடிகள். எனக்கு ஐம்பத்திரண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அது மூன்று மாடிக் கட்டடம்தான்.

படி ஏறினேன். முப்பத்தோராவது மாடியில் மூச்சு வாங்க நின்றேன். அங்கே முப்பத்தொரு வயதுக்காரர்கள் பெஞ்சில் காத்திருந்தார்கள். நானும் இருக்கிறேனா என்று பார்த்தேன். அன்று வரவில்லை.

ஐம்பத்திரண்டாவது மாடியில் பேச்சுப் பகிர்வுப் பிரிவு இருந்தது. பிரிவு அலுவலர் பெயர் இளங்கீரன் என்று பலகையில் எழுதியிருந்தது. சின்ன வயதுக்காரர். மேஜைக்கு மீன் வாடை அடித்தது.

“பேச்சு போன வருசம் வரைக்கும் மீன்வளத்துல இருந்துச்சுங்க,” என்றார், நான் முகர்ந்ததைப் பார்த்துவிட்டு. “கூடை கூடையா ஏலம் விட்டாங்க. சீரமைப்புல இங்க வந்துருச்சு. சொல்லுங்க.”

“எங்க வீட்டுக்காரரோட பேச்ச எனக்குக் குடுங்க.”

“நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“பொண்டாட்டி.”

“அப்ப முடியாதுங்க. ஒரே கார்டுக்குள்ள ஒதுக்க மாட்டாங்க. வீட்டு ஆளுக்கு வீட்டு ஆளே சேவை செஞ்சுக்கிட்டா அப்பறம் துறை எதுக்கு?”

“சரி. அந்த டீச்சருக்குக் குடுக்கறதயாவது நிறுத்துங்க.”

“காரணம் எழுதோணுங்களே. என்னன்னு எழுதட்டும்?”

நான் வேறு ஏதாவது சொல்ல நினைத்தேன். அவருக்கு உடம்பு சரியில்லை, வெயிலில் நடக்கக் கூடாது, இப்படி. வாயில் அது வரவில்லை.

“பொறாமை,” என்றேன்.

இளங்கீரன் பேனாவை மூடினார். “அது எங்களுது இல்லீங்க. வலது பக்கம், தாழ்வாரத்துக் கடைசி.”

தாழ்வாரத்தில் நடந்தேன். கடைசிக் கதவு தெரிந்தது. நடக்க நடக்க அது அதே அளவில் தெரிந்தது. அரை மணி நேரம் நடந்திருப்பேன். பெருக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் துடைப்பத்தை ஊன்றி நின்று என்னைப் பார்த்தாள்.

“ஆசையாப் போனா அது நகந்துக்கும்,” என்றாள். “திரும்பி நின்னு பின்னால நட.”

திரும்பி நின்று இரண்டு அடி வைத்தேன். முதுகில் கதவு இடித்தது.

பொறாமைப் பிரிவில் குணவதி என்ற அலுவலர் இருந்தார். என்னைவிடப் பெரியவர். ஒரு கண்ணாடித் துண்டை நீட்டி ஊதச் சொன்னார். ஊதினேன். கண்ணாடி பச்சையாகப் பூத்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நல்ல பொறாமை,” என்றார். “கலப்படம் இல்ல. கார்டு நம்பர் சொல்லு.”

சொன்னேன். பெரிய பதிவேட்டைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

“ஒரு கார்டுக்கு ஒரு பொறாமைதான் அனுமதி. உங்குளுது முன்னாடியே பதிவாயிருக்குதே.”

“நான் இன்னிக்குத்தானுங்க மொதமொதல்ல வர்றேன்.”

“உன் பேருல இல்ல. குடும்பத் தலைவர் பேருல.”

எனக்கு நாற்காலி கொடுத்தார். கோப்பை எடுத்துப் பிரித்து என் பக்கம் திருப்பினார். சென்னியப்பனின் கையெழுத்து. எடைச் சீட்டில் எழுதுகிற அதே நெருக்கமான எழுத்து. தேதி பதினொரு வருஷத்துக்கு முந்தையது.

என் மனைவி நவமணி, கடைக்கு ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்க்க வந்த நபரிடம் இன்று பகல் பதினைந்து நிமிடம் சிரித்துப் பேசினாள். நான் மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தை அவளிடம் வாங்க வந்தவன் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததில்லை. எனக்கு மிகவும் கஷ்டமாக உள்ளது. தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்.

அதன் கீழே சிவப்பில் ஒரு குறிப்பு. விசாரணை முடியும்வரை மனுதாரர் எதிர்மனுதாரருடன் பேசக் கூடாது. பேசினால் விசாரணை பாதிக்கப்படும். அதற்கும் கீழே, ஒப்புக்கொள்கிறேன், செ. சென்னியப்பன்.

நான் மூன்று முறை படித்தேன். அந்த ரிப்பேர்காரர் முகம்கூட ஞாபகம் வரவில்லை. எதற்குச் சிரித்தேன் என்பதும் தெரியவில்லை.

“விசாரணை என்ன ஆச்சுங்க?”

“விசாரிக்கற அதிகாரி போஸ்ட் காலியா இருக்குது.”

“பதினொரு வருசமாவா?”

“பதினாலு வருசமா.”

“அப்படின்னா அவர் மனு குடுத்தப்பவே—”

“ஆமா,” என்றார் குணவதி. “நாங்க அப்பவே சொன்னோம். பரவால்ல, காத்திருக்கறேன்னுட்டாரு.”

அன்று வீட்டுக்கு வந்து அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

“மனுவப் பாத்தேன்,” என்றேன். “அந்த ஆளு யாருன்னே எனக்கு மறந்துபோச்சு. மனுவ வாபஸ் வாங்குங்க. ரெண்டு பேருமா போய் எழுதிக் குடுத்துட்டு வந்துரலாம்.”

அவர் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கழுத்து வீங்கியது. தொண்டைக்குள் ஏதோ ஏறி ஏறி வந்தது. உதடு பிரிந்தது. நான் முன்னால் குனிந்தேன். அவர் சட்டென்று சொம்பை எடுத்து மடமடவென்று தண்ணீர் குடித்து அதை உள்ளே தள்ளினார். பிறகு காலண்டரைக் காட்டினார். செவ்வாய்க்கிழமை. மணி மூன்றே முக்கால்.

சட்டையை மாட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டார். ஐந்து மணிக்குத் திரும்பியபோது கழுத்து வற்றி, பழைய அளவில் இருந்தது. பதினொரு வருஷம் என்னைக் காக்க வைத்தவர், அந்தப் பொம்பளையை ஒரு நிமிஷம் காக்க வைக்கத் தயாராக இல்லை. இதை நினைத்துக்கொண்டே தேங்காய் துருவினேன். விரலையும் சேர்த்துத் துருவிவிட்டேன்.

மறுபடி இளங்கீரனிடம் போனேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஒரே வழிதாங்க. கார்டுல இருந்து பேர எடுத்துருங்க. எடுத்துட்டா நீங்க வெளியாளு. வெளியாளுன்னா பயனாளி ஆகலாம். அவரும் உங்ககிட்டப் பேசலாம். எதிர்மனுதாரர் அவரு கார்டுல இருக்கற நவமணிதான?”

படிவம் கொடுத்தார். எனக்குப் படிவம் கண்டு பயமில்லை. பெயர் நீக்கக் காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டம் இருந்தன. இறப்பு. திருமணம். மறதி.

“மூணாவதுல டிக் பண்ணுங்க,” என்றார்.

“யாரோட மறதி?”

“அதுக்குத் தனியாக் கட்டம் இல்லீங்க.”

டிக் செய்தேன். குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். காலையில் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் படிவத்தை வைத்தேன். அவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டு அதைப் படித்தார். கடைசி வரி வரை படித்தார். பிறகு முதலிலிருந்து படித்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். கையெழுத்துப் போட்டார். பழக்கதோஷம், அதற்குக் கீழே ஐம்பத்தெட்டு கிலோ என்றும் எழுதினார்.

என் எடை அதுதான். அவரிடம் நான் சொன்னதே இல்லை.

கார்டிலிருந்து பெயர் போனதும் நான் இல்லாமல் ஆனேன். பஸ்ஸில் என் மேல் ஒருவர் உட்கார்ந்தார். இருப்புச் சான்றிதழ் வாங்கினால்தான் பயனாளியாகப் பதிய முடியும். அதற்கு இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் அரசு ஊழியராகவோ ஓய்வு பெற்றவராகவோ இருக்க வேண்டும். எங்கள் பகுதியில் அப்படி ஒரே ஆள்தான் உண்டு.

மனோரஞ்சிதம் டீச்சர் வீட்டுக்கு இப்போது மாடி வந்திருந்தது. கதவைத் தட்டினேன். அவர் திறந்து, வெறும் வாசலைப் பார்த்துவிட்டு மூடப் போனார்.

“நாந்தான் டீச்சர். நவமணி.”

“அட. எங்க இருக்கற?”

“அதுக்குத்தான் வந்தேன்.” படிவத்தை நீட்டினேன். காகிதம் மட்டும் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. வாங்கிப் படித்தார்.

“பயனாளி ஆகப் போறயா?”

“ஆமா.”

“யாரோட பேச்சுக்கு?”

அவர் படிவத்தை மடித்தார். பிரித்தார்.

“உனக்குக் குடுத்தா எனக்குக் கொறைப்பாங்களா?”

“தெரியல டீச்சர்.”

“கொறைப்பாங்க,” என்றார். நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தனை ஜன்னல் இருந்தும் அந்தக் கூடம் இருட்டாகத்தான் இருந்தது. “நவமணி, நான் ஒண்ணு சொல்றேன். சொல்லக் கூடாது, ஆனாச் சொல்றேன். அவரு உள்ள வந்ததும் மொதல்ல என்ன கேப்பாரு தெரியுமா? ‘சாப்டீங்களா’ன்னு கேப்பாரு. ரிட்டயர் ஆனதுக்கப்பறம் என்னைய ஒருத்தரும் அதக் கேட்டதில்ல. பென்சன் ஆபீஸ்ல உசுரோட இருக்கறயான்னு மட்டும் வருசா வருசம் கேக்கறாங்க.”

என்னால் அவர்மேல் இரக்கப்பட முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. என்னிடம் கேட்க வேண்டிய கேள்வியை இவர் செவ்வாய்க்கு ஒன்றும் வெள்ளிக்கு ஒன்றுமாக வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார் என்றுதான் தோன்றியது.

டீச்சர் பேனா எடுத்தார். ‘நவமணி என்பவர் இருக்கிறார்’ என்று கோடிட்ட இடத்தில் அழகான கையெழுத்தில் நிரப்பினார். கொஞ்சம் யோசித்து, ‘இருக்கிறார்’ என்பதற்கு அடியில் கோடு போட்டார். நிமிர்ந்தார். என்னைப் பார்த்து, “எளைச்சுட்ட,” என்றார்.

இரண்டாவது சாட்சியாக என் ஜெராக்ஸ் மெஷின் கையெழுத்துப் போட்டது. அது எதையும் இரண்டாகத்தான் போடும். மூன்று சாட்சி ஆகிவிட்டது. கூட இருந்தால் தப்பில்லை என்று வாங்கிக்கொண்டார்கள்.

தனியாள் என்பதால் ஐம்பத்திரண்டாவது மாடித் தாழ்வாரத்திலேயே எனக்கு ஓர் அறை ஒதுக்கினார்கள். ஒரு கட்டில், ஓர் அடுப்பு, இரண்டு நாற்காலி. ஒரு நாற்காலியில் ‘பயனாளி’ என்றும் இன்னொன்றில் ‘வழங்குநர்’ என்றும் எழுதியிருந்தது. நான் என் நாற்காலியில் மட்டும் உட்கார்ந்தேன்.

அவரை உடனே அனுப்பவில்லை. வரிசை இருந்தது. முதலில் உபரி அறிவுரை வைத்திருந்த ஓர் அம்மாளை அனுப்பினார்கள். அவர் என் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். பிறகு ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர் வந்து நாற்பத்தைந்து நிமிஷமும் நிறுத்தங்களின் பெயரைச் சொன்னார். நல்ல குரல். கடைசி நிறுத்தம் வந்ததும் இறங்கிப் போய்விட்டார். நான் மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தேன். என் கணவர் செவ்வாயில் மூன்றாவது வீதிக்குப் போயிருப்பார், வெள்ளியில் போயிருப்பார் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். டீச்சர் வீட்டில் இந்நேரம் எத்தனை மாடி இருக்கும் என்று யோசித்தேன்.

கார்த்திகையில் உத்தரவு வந்தது. வழங்குநர், செ. சென்னியப்பன். வெள்ளி மட்டும். மனோரஞ்சிதம் என்பவரின் வெள்ளிக்கிழமை ரத்து செய்யப்படுகிறது. அந்த வரியைப் படித்தபோது எனக்குள் குளுகுளுவென்று இருந்தது. அதை மறைக்கப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட சேலை கட்டிக்கொண்டேன். சரியாக நாலு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

“சாப்டீங்களா?” என்றார்.

“சாப்ட்டேன்,” என்றேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை.

“நான் சென்னியப்பனுங்க. எடைமேடைல இருக்கறேன்.”

“தெரியும்.”

“லிஸ்ட்ல போட்டிருப்பாங்க.” வழங்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். புதுப் பயனாளியைப் பார்க்கிற பார்வை. மரியாதையாக இருந்தது. என்னோடு பேசிக்கொண்டிருந்த காலத்தில் அவர் என்னை ‘நீ’ என்பார், சில நேரம் ‘ஏ புள்ள’ என்பார். ‘நீங்க’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

“ஆரம்பிக்கட்டுங்களா?”

“ம்.”

“எம் பொண்டாட்டி ஒருத்தி இருக்கறாங்க,” என்றார்.

நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

“அவ தூங்கறப்ப ஒரு கையத் தலைக்கு வெச்சுட்டுத் தூங்குவா. காலைல கை மரத்துப் போயிரும். அந்தக் கைய ஒதறிட்டே போய் அடுப்பு பத்த வெப்பா. அதப் பாக்கறதுக்குன்னே நான் அவளுக்கு முன்னால முழிச்சுக்குவேன். முழிச்சுட்டுத் தூங்கற மாதிரி படுத்துக்குவேன். அவளுக்குத் தெரியாது.”

எனக்குத் தெரியாது.

“ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கறா. பேப்பர எண்றப்ப ஒதடு மட்டும் அசையும், சத்தம் வராது. கரண்டு போச்சுன்னா மெஷின் மேல கைய வெச்சுட்டு, சொரம் வந்த கொழந்தையத் தொட்டுப் பாக்கற மாதிரி நிப்பா. ஒரு நாளைக்கி ரிப்பேர்காரங்கிட்ட என்னமோ சொல்லிச் சிரிச்சா. அப்படி ஒரு சிரிப்பு அவகிட்ட இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்க. பயந்துட்டேன். இத்தன வருசம் வீட்டுக்குள்ள வெச்சிருந்தத நான் பாக்காமயே இருந்துட்டனேன்னு.”

அவர் நிறுத்தவில்லை. அவள் கோபப்பட்டால் காபியில் சர்க்கரை போட மாட்டாளாம். அந்தக் காபியை அவர் முழுசாகக் குடித்துவிடுவாராம். கோபமாவது படுகிறாளே என்று இருக்குமாம். அவள் நடக்கும்போது இடது கால் கொஞ்சம் உள்பக்கம் திரும்பியிருக்குமாம். எடைமேடையில் லாரி இல்லாத நேரம் அவள் நினைப்பு வந்தால் முள் அசைகிறதாம். மேலதிகாரி இரண்டு முறை மெமோ கொடுத்தாராம்.

“அவங்க பேரென்ன?” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“நவமணிங்க.”

“எனக்கும் அதே பேருதான்.”

“அப்படிங்களா?” என்றார். “நல்ல பேருங்க.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த மாதிரி என்னைப் பற்றி யாரும் பேசியதில்லை. நான் ஐம்பத்திரண்டு வருஷம் இருந்திருக்கிறேன், அதில் ஒரு மாதம் இல்லாமலும் இருந்திருக்கிறேன், ஒருவரும் பேசியதில்லை. அவள் என்ன பெரிதாகச் செய்துவிட்டாள்? கையை உதறியிருக்கிறாள். பேப்பர் எண்ணியிருக்கிறாள். அதற்குப் போய் ஒரு மனுஷன் விடிவதற்கு முன் விழித்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

“இப்ப அவங்க எங்க இருக்கறாங்க?”

“வீட்டுலதானுங்க. நாங்க பேசிக்கறதில்ல. ஒரு கேஸ் ஓடிட்டிருக்குது.”

“எதாச்சும் வேற பேசுங்களே.”

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். வாயைத் திறந்து, இல்லையென்று தலையாட்டினார்.

“உள்ள இது மட்டுந்தானுங்க இருக்குது. டீச்சரம்மாவுக்கும் இதத்தான் சொன்னேன். அவங்களுக்குப் புடிச்சிருந்துச்சு.”

டீச்சரை நான் அந்த நிமிஷமே மன்னித்துவிட்டேன். அவரிடம் ஒன்றும் இல்லை. எல்லாம் அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறவளிடம் இருந்தது.

“நான் ஒண்ணு கேக்கட்டுங்களா?” என்றேன். “மனு எழுதிப் போட்டா உங்கள முழுசா இங்கயே மாத்துவாங்க. எல்லா நாளும். எனக்குத் துறைல ஆள் தெரியும். வர்றீங்களா?”

அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

“அதெப்படிங்க? அவ தனியா இருப்பாளே.”

“அவங்கதான் உங்களோட பேசறதே இல்லயே.”

“பேசலீன்னா என்னங்க?” என்றார். “இருக்கறாளே.”

மணி நாலு நாற்பதுதான் ஆகியிருந்தது. அவர் நோட்டை நீட்டினார். முழு நேரமும் சேவை பெற்றேன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஐந்து நிமிஷம் முன்னாலேயே போகட்டுமா என்று கேட்டார். இந்த நேரத்துக்கு அவள் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வருவாளாம், கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டுமாம்.

“போங்க,” என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு நடுவில் ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் அவர் அவளோடு இருப்பார்.

கதவருகில் நின்று, அவர் தாழ்வாரத்தில் போவதைப் பார்த்தேன். வேகமாகப் போனார். கிட்டத்தட்ட ஓட்டம். என்னிடம் வருவதற்கு அவர் ஒருநாளும் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.